குஞ்சு மூக்கு உயரத்தில்

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த முதல் மாதம், விடிந்து நான் கண் விழிப்பதற்குள் பிள்ளையின் ஈரத்துணிகள் துவைத்துக் கொடியில் தொங்கும். மாமியார்தான் செய்கிறார் என்று நினைத்து அவருக்கு நன்றி சொன்னேன். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். துவைத்தது நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என்பது எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆயிற்று. அதுவும் எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா கடைசிவரை சொல்லவில்லை.

தன் வீட்டுக்காரர் காலமான பிறகு அக்கா எங்கள் வீட்டின் பின்புறத்து அறையிலேயே இருந்தார். வெளியூரில் இருக்கும் மகள் எத்தனையோ முறை கூப்பிட்டாள். மருமகன் தங்கமான பிள்ளை, ஆனால் அங்கே ஒரு வாய் டீ வேண்டுமென்றாலும் யோசித்துக் கேட்க வேண்டும் என்பார் அக்கா. போகாமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் வாத்துக்குஞ்சுகள். பொரிப்பகத்துக்காரர் முந்தின நாள் பொரித்த குஞ்சுகளை இருநூறு இருநூறாகக் கொண்டுவந்து விடுவார். மூன்று வாரம் தேற்றித் திருப்பிக் கொடுத்தால் கூலி கிடைக்கும்.

அறையின் பாதியைக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் அடைத்துக்கொண்டிருந்தது. தகரத் தகடை வட்டமாக வளைத்து, நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, கீழே தச்சுப் பட்டறையிலிருந்து வந்த மரச்சீவலைப் பரப்பியிருப்பார். கோழிக்குஞ்சு தண்ணீரைக் குடிக்கும். வாத்துக்குஞ்சு தண்ணீரில் குடித்தனமே நடத்தும். கிண்ணத்தைக் கம்பிவலைமேல் வைத்து, சிந்துவது தட்டில் விழும்படி செய்திருந்தும், சுற்றியிருக்கும் சீவல் நனைந்து போகும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் நனைந்ததை அடிவரை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடுவார். பிறகு முட்டி போட்டு, முகம் தரையில் படக் குனிந்து மோந்து பார்ப்பார். குஞ்சின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே நம் மூக்கை வைத்தால்தான் நாற்றம் தெரியுமாம். நின்றுகொண்டு மோந்தால் அறைதான் மணக்குமாம்.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். "நான் சாமிக்கு முட்டி போடுறேன், அண்ணி வாத்துக்கு முட்டி போடுறாங்க" என்று சீண்டுவார். "சாமிக்குக் கீழ வாரிக் கொட்ட ஒண்ணும் இல்லையே தம்பி" என்பார் அக்கா, தலையைத் தூக்காமலே.

ஒரு முறை மூன்று நாள் கரண்ட் இல்லாமல் நிறைய குஞ்சுகள் விறைத்துப் போயின. அடுத்த இருநூறை இறக்கும்போது, இந்த முறையும் குறைந்தால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று பொரிப்பகத்துக்காரர் பணிவாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த இருநூறும் வந்த ஐந்தாம் நாள் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

"நாலு நாள் நீ பாத்துக்கோ. அடி வரைக்கும் வாரணும், மறந்துடாத" என்றார்.

முதல் நாள் வாரினேன். மறுநாள் சமையல், பாத்திரம், துணி எல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றபோது என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. ஈரத்தின்மேல் புதுச் சீவலைத் தூவினேன். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. நின்றபடியே மோந்தேன், புது மரத்தின் வாசம் வந்தது. இதுவே போதுமே என்று தோன்றிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே தூவினேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தபோது நாலைந்து குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சீவலுக்குள் கையை விட்டுத் தூக்கினார். கறுத்த கட்டி ஒன்று சுடச்சுட வந்தது, சாம்பல் நிறப் பூசணத்தோடு. என்னைப் பார்த்தார். அந்த முதுகோடு முட்டி போட்டார். இரண்டு பேருமாக மதியம் வரை வாரினோம், கழுவினோம், வெயிலில் காயவைத்தோம்.

குஞ்சுகளின் நெஞ்சில் இறங்கிய பூசணத்தை வார முடியுமா? தினமும் ஐந்தாறு குஞ்சுகள் செத்தன. கடவுளே, மிச்சத்தையாவது விட்டுவை என்று வேண்டினேன். என் கை வாரியிருக்க வேண்டியதை அவரிடம் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

பொரிப்பகத்துக்காரர் வந்து பார்த்தபோது தன் முதுகு சரியில்லாததால் தான் கவனிக்கவில்லை என்று அக்கா சொன்னார். நான் வாளியோடு கதவருகே நின்றேன். வாராமல் விட்டது நான்தான் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருடைய வண்டி எங்கள் வீட்டைத் தாண்டித் தெருக்கோடியில் போய் நின்றது. அக்கா தகரத்தைக் கழுவிச் சுருட்டினார். மகளுக்குப் போன் போடச் சொன்னார்.

போன ஆகஸ்டில் அக்கா மகள் வீட்டிலேயே தூக்கத்தில் போய்விட்டார். ஆண்டவர் அவரை நன்றாக ஓய்வெடுக்க விடட்டும். ஆகவே மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்ததுதான் கடைசி. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே நின்று, என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்ல எனக்கு வரல. கோபம் இருக்கு. ஆனா இன்னைக்குக் காலையில எதுக்கும் எழுந்திரிக்காம ஏழு மணி வரைக்கும் படுத்திருந்தேன். அது நல்லாவும் இருந்துச்சு. ரெண்டும்தான் இருக்கு. வெயில் ஏறுது, நீ வீட்டுக்குப் போ."