பகலில் வெளியே போக ஒரு தொப்பி

காரைக்குடியில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் மேசை விளக்கு தேடிக்கொண்டிருந்தபோது, மஞ்சளேறிய காகித உறை ஒன்று கையில் அகப்பட்டது. மேலே இருந்த படத்தில் ஒரு பெண், ஒரே தொப்பியை நான்கு விதமாக அணிந்திருந்தாள்: விளிம்பை இறக்கி, ஏற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, கடைசியில் சின்னப் பைபோல் மடித்துக் கையில். உள்ளே துணி வெட்டுவதற்கான காகித அச்சுகள் அப்படியே இருந்தன. அந்த நொடியில் எனக்கு அக்காவின் முகம்தான் தோன்றியது. அங்கிருந்தே போன் செய்தேன்.

"அக்கா, தொப்பி தைப்பமா?"

"யாருக்குடா?"

"உனக்குத்தான்."

"கிறுக்கா, ஊரு சிரிக்கும். வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா."

அக்கா மானகிரியில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பகலில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தும் மாலையில் ரவிக்கை தைத்தும் என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். நான் வேலை மாறி மாறி ஊர் சுற்றிய ஆண்டுகளில்தான் அவருக்கு ஒரு நோய் வந்தது. வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும். விரல் மூட்டுகள் வீங்கிக் குடை பிடிக்கவும் முடியாது. விடியுமுன் பள்ளிக்குப் போய், இருட்டும்வரை ஆசிரியர் அறையில் தனியே உட்கார்ந்திருந்து திரும்புவார். விடுமுறை என்றால் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள். ஊர் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டவருக்குப் பகல் என்பதே இல்லாமல் போனது.

ஆகவே நான் விடவில்லை. ஒரு பக்கம் நீலப் பருத்தி, மறு பக்கம் கண்டாங்கிச் சேலைக் கட்டம் என்று துணி வாங்கி வந்து, விரல் வலி குறைந்திருந்த நாளில் மிஷின் முன்னால் உட்கார வைத்தேன். முதல் தொப்பி கெட்டுப்போனது. உடம்பு பெருத்தால் பிரித்துவிட வேண்டுமே என்று ரவிக்கைக்கு உள்ளே துணி விட்டுத் தைத்த கை, தொப்பிக்கும் இரண்டு விரற்கடை விட்டுவிட்டது. திருப்பியதும் விளிம்பு எண்ணெயில் விழுந்த அப்பளம்போல் நெளிந்து நின்றது.

"தலை எங்கக்கா பெருக்கப் போகுது?"

"ஏன், நீ காலேஜுல சேந்தப்ப பெருக்கலையா?"

மிச்சத் துணியை வெட்டச் சொன்னால், "எறிய மனசு வரலடா" என்றார். இரண்டாவதும் நெளிந்த பிறகுதான் மனம் வந்தது. மூன்றாவதில் ஓரத்தை ஒட்ட நறுக்கி, வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துத் திருப்பினார். விளிம்பு படிந்து நின்றது.

மறுவாரம் உச்சி வெயிலில் திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினோம். எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சரம்மா, கிரிக்கெட்டு ஆடவா போறீக?"

"ஆமா அத்தை. ஒரு ஆளு குறையுது, வாரீகளா?"

கோயிலுக்குள் தொப்பியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து குளக்கரையில் நின்றவர் வெகுநேரம் தரையையே பார்த்தார். "என் நிழலு இம்புட்டுக் குட்டையாவாடா இருக்கும்?" என்றார்.

அந்த ஒரு பயணம்தான். அதன்பின் நோய் சிறுநீரகத்தைத் தொட்டது. மதுரை மருத்துவமனையில் படுத்துக்கொண்டே அடுத்த பயணத்தைத் திட்டமிட்டார். "தனுஷ்கோடி போவோம்டா. ஆனா அங்குட்டு காத்து தொப்பியப் பிடுங்கிரும். தாடைக்குக் கீழ நாடா வைக்கணும்." நாடா வைக்குமுன் போய்விட்டார்.

இறுதிப் பயணம் உச்சிப் பொழுதில் அமைந்தது. புறப்படும்போது எதிர்வீட்டு அத்தை உள்ளே ஓடி அந்தத் தொப்பியை எடுத்துவந்தார்.

"பகல்ல போறா. போட்டுவிடுங்கப்பா."

"இதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்லையே ஆத்தா" என்றார் பெரியப்பா.

"அவளுக்கு வெயில்ல போற வழக்கமும்தான் இல்ல."

பெரியப்பா குனிந்து, தம் கையாலேயே அணிவித்தார்.

அந்த அத்தைக்கும் பெரியப்பாவுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த அக்காவின் சக ஆசிரியைகளுக்கும், இந்த ஓராண்டில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டுக் கதவைத் தட்டிய எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இப்போது வீட்டில் மிஷின் சத்தம் என்னுடையது மட்டும். அதே அச்சில் என் தலைக்கு ஒன்று தைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்தால் நேராக இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. கைபேசியில் படம் எடுத்துப் பார்த்துத்தான் திருத்துகிறேன். நாடாதான் இன்னும் சரிவரவில்லை. எந்தப் பக்கம் தைத்தாலும், திருப்பிப் போடும்போது வெளியே தொங்குகிறது. தலைப்பட்டையில் பொத்தான் துளைபோல் இரண்டு காஜா திறந்து, நாடாவை இரு பக்கமும் இழுக்கும்படி கோத்துப் பார்க்கப் போகிறேன். அது நின்றால் தனுஷ்கோடிக்குப் பகல் வண்டி ஏறுவேன். நிற்குமா என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும்.