பேர் தெரியாத பழமெல்லாம் ஆப்பிள்

அத்தை வீட்டு இரும்புக் கேட்டின் கொக்கியில் ஒரு பாலித்தீன் பை தொங்குகிறது. உள்ளே ஆப்பிள்கள். கேட்டைத் திறக்கும்போதெல்லாம் பை ஆடுகிறது. வருகிறவர்கள் ஒரு தரம் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே வருகிறார்கள். அத்தை அதை எடுப்பதாக இல்லை. எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஆப்பிள் என்கிற சொல்லில் இருந்து தொடங்க வேண்டும். பெரம்பலூரில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விட முடியாத வியாதி எனக்கு. ஆனால் இந்தச் சொல்லை என்னைத் தோண்ட வைத்தது வகுப்பறை இல்லை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்கொல்லை ஒன்று.

தா.பழூர்ப் பக்கம் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில், எங்கள் தெருப் பெண்கள் குட்டியானை என்கிற மினி லாரி வண்டியில் ஏறி அந்தக் கொல்லைக்கு முந்திரி பொறுக்கப் போவார்கள். அத்தை பத்து வருடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தார். கல்லூரி முதல் வருட லீவில் நானும் போனேன். உதிர்ந்த பழத்தை எடுத்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டையைத் திருகிக் கூடையில் போட வேண்டும். பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிட வேண்டும். விலை போவது கொட்டைதான். பழம் ஒரு நாள் தாங்காது. அழுகிப் புளித்த நெடி கொல்லை முழுக்க நிற்கும். சாறு பட்ட துணியில் பழுப்புக் கறை ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது. சாயங்காலம் வண்டி ஏறும்போது ஆளுக்கு ஒரு கூடைப் பழம் எடுத்துப் போகலாம், கொட்டை ஒன்றுகூட எடுக்கக் கூடாது. இது அங்கே வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கொல்லைக்காரருக்கு எங்கள் யார் பெயரும் தெரியாது. "ஏ பழூர்க்காரி, இங்க வா." "அந்தப் பழூர்க்காரிய மேக்கால போவச் சொல்லு." எங்கள் வண்டியில் வந்த எல்லோரும் பழூர்க்காரி. முதல் நாள் காலையிலேயே நானும் பழூர்க்காரி ஆகிவிட்டேன். "இத்தன வருஷத்துல உங்க பேர ஒரு தடவகூடக் கேக்கலியா அத்தை?" என்று கேட்டேன். "கூப்புட்டா திரும்புறோம்ல, அப்புறம் எதுக்குக் கேக்கப் போறாரு" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த கொல்லைக்காரரின் மகன் அப்போது லீவில் வந்திருந்தான். இந்தப் பழத்துக்கு ஆங்கிலத்தில் முந்திரி ஆப்பிள் என்று பெயர் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவருக்கு அது அல்வா கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே பேச்சுதான்: "ஆப்பிள் எடுத்துக்கங்கடி. டவுன்ல காசு குடுத்து வாங்குனா கட்டுப்படியாவுமா?" அத்தை ஒரு நாள் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். "தெனமும் ஒரு கூடை ஆப்பிள் குடுத்து அனுப்புறேன், அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அவர். அத்தை சட்டென்று, "அப்ப ஆப்பிள நீங்க வச்சுக்குங்க முதலாளி, கொட்டைய எங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார். மரத்துக்கு மரம் சிரிப்பு ஓடியது. கொல்லைக் காவல்காரர்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொல்லைக்காரர் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வண்டியில், மாவு மாதிரிப் புழுதி பறக்க, நான் செல்போனில் ஆப்பிளைத் தோண்டிக்கொண்டு வந்தேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்று நாம் நினைக்கிற சிவப்புப் பழத்துக்கு மட்டும் சொந்தமாக இல்லை. பொதுவாகப் பழம் என்பதற்கே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பேரீச்சம்பழம் அவர்களுக்கு விரல் ஆப்பிள். வெள்ளரி, மண் ஆப்பிள். பைன் மரத்துக் காய்க்கு வைத்த பைனாப்பிள் என்ற பெயரை, பார்க்க அதே மாதிரி இருந்ததால் அன்னாசிக்கு மாற்றிவிட்டார்கள். தக்காளி ஒரு காலத்தில் காதல் ஆப்பிள். நம் விளாம்பழம் மர ஆப்பிள், சீத்தாப்பழம் கஸ்டர்டு ஆப்பிள். இதை நான் சத்தமாகப் படிக்க, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "அப்ப வெள்ளக்காரனும் நம்ம கொல்லைக்காரரும் பங்காளிங்கன்னு சொல்லு" என்றார். வண்டியே குலுங்கியது. அத்தை மட்டும், "பழத்துக்கு என்ன போச்சு? எந்தப் பேர வச்சாலும் அது பாட்டுக்குப் பழுக்கும்" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் நாமும் இதைச் செய்தவர்கள்தான். வெளியிலிருந்து வந்த எதற்கும் முன்னால் சீமை என்று ஒட்டிவிட்டு வேலையை முடித்துக்கொண்டோம். சீமைக் கருவேலம், சீமை எண்ணெய். தெரியாததைத் தெரிந்த பெயரால் கூப்பிடுவது மனிதச் சோம்பல், போகட்டும். பத்து வருடம் கண்முன்னால் குனிந்து வேலை செய்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சோம்பல் இல்லை, திமிர்.

அந்தத் திமிரின் விலை ஒரு வாரத்துக்குள் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பழூர்க்காரி பழத்துக்கு அடியில் கொட்டையை மறைத்து எடுத்துப் போனதைப் பார்த்தேன் என்று காவல்காரர் சொல்லிவிட்டார். எந்தப் பழூர்க்காரி என்று அவர் சொல்லவில்லை, கொல்லைக்காரரும் கேட்கவில்லை. நேராக அத்தையிடம் வந்து நின்றார். கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். அத்தை கவிழ்த்தார். பழங்கள் செம்மண்ணில் உருண்டன. ஒரு கொட்டை இல்லை. முந்தானையை உதறச் சொன்னார். உதறினார். அதிலும் இல்லை. "இன்னைக்கு இல்லன்னா நேத்து எடுத்திருப்ப. நாளையிலேர்ந்து இந்தத் திருடி வண்டியில ஏறக் கூடாது" என்றார்.

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு கேட்டார்: "என் பேரு என்னன்னு சொல்லுங்க. அப்புறம் திருடின்னு சொல்லுங்க."

அவர் மகன் பக்கம் திரும்பி, "பேச்சப் பாத்தியா இவளுக்கு" என்றார். மகன், "விடுங்கப்பா, போவட்டும்" என்றான். அவ்வளவுதான் அவனுடைய நியாயம்.

மறுநாள் காலை வண்டி வந்து தெருமுனையில் ஹார்ன் அடித்தது. பெண்கள் ஏறத் தயங்கி அத்தை முகத்தைப் பார்த்தார்கள். "போங்கடி, அடுப்பு எரிய வேணாமா" என்று அனுப்பிவிட்டார். நான் ஏறவில்லை. அந்தக் கோடையோடு அது முடிந்திருந்தால்கூட ஆறியிருக்கலாம். அத்தை மகளைப் பெண் பார்க்கச் செந்துறையிலிருந்து வருவதாக இருந்தவர்கள், "ஆண்டிமடத்துப் பக்கம் ஏதோ திருட்டுப் பிரச்சினையாமே" என்று யாரிடமோ விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். கொட்டையை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாராவது எடுத்தார்களா என்பதே தெரியாது. பெயர் தெரியாமல் போட்ட பழி மட்டும் விலாசம் தவறாமல் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மகளுக்கு அப்புறம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இருந்தாலும் தெருவில் சண்டை என்று வந்தால், யாராவது ஒருத்தி வாயில் "முந்திரி" என்ற சொல் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அத்தை வீட்டில் இருந்தபோது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கொல்லைக்காரரின் மகன். உடம்பு போட்டிருந்தான், கையில் ஆப்பிள் பை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டுக்குள் வந்தான், பேச்சிலும் மரியாதைக்குக் குறைவில்லை. "அக்கா, அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. இந்த வருஷம் பொறுக்க ஆளே கெடைக்கல, பழம் அப்படியே கெடந்து அழுகுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா பத்துப் பேரு வருவாங்கன்னு டிரைவர் சொன்னாரு."

"யாரு வூடுன்னு கேட்டு வந்தீங்க தம்பி?"

"முன்னாடி நம்ம கொல்லைக்கு வருவாங்களே..." என்று இழுத்தான். "அந்தப் பழூர்... அவங்க வூடுன்னு."

அத்தை எழுந்திருக்கவில்லை. முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினார். "அன்னைக்கு அந்த எடத்துல நின்னவங்க அத்தன பேரும் இந்தத் தெருவுலதான் இருக்காளுங்க. அவளுங்களக் கூப்புட்டு நிக்க வச்சு, என் பேரச் சொல்லி, இவ எடுக்கலன்னு ஒரு தடவ சொல்லுங்க. அப்புறம் ஆளு கேளுங்க. எத்தன பேரு வேணும்னாலும் கூட்டியாறேன்."

அவன் தரையைப் பார்த்தான். "சரிக்கா. உங்க பேரு...?"

"இந்த ஊர்ல எல்லாரும் பழூர்க்காரிதான் தம்பி. விசாரிச்சுக்கிட்டு வாங்க."

நான்கு வீடு தள்ளிக் கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். அவன் கேட்கவில்லை. வெளியே போய்ப் பையைக் கேட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டுக் காரில் ஏறினான். இன்னும் வரவில்லை.

இந்த வாரம் மறுபடி வந்தபோது, இதை எழுதப் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். பெயரைப் போடட்டுமா என்றும் கேட்டேன். "வேணாம். நீ எழுதுனா அந்தத் தம்பி படிச்சுத் தெரிஞ்சுக்குவாரு. கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். அதனால் பெயரை எழுதவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டருகே நின்று பையைப் பிரித்துப் பார்த்தேன். பழங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் எந்த ரகம், எந்த நாட்டுப் பழம் என்று அச்சடித்திருந்தது. ஒன்றைக்கூட விடாமல் ஒட்டியிருந்தார்கள்.