பக்கத்து நட்சத்திரம் சிவக்கவில்லை

மதியம் மூன்று ஐந்துக்கு மகள் சிதம்பரத்திலிருந்து பேசினாள். "அம்மா, அது நோவாவே இல்லம்மா. எல்லாம் போச்சு." அவ்வளவுதான். திரும்ப அழைத்தபோது போன் அணைந்திருந்தது. கடலூர் செம்மண்டலம் வீட்டைப் பூட்டினேனா என்ற சந்தேகம் புதுச்சத்திரம் தாண்டும் வரை சிதம்பரம் பஸ்ஸில் கூடவே வந்தது.

அன்று அவளுக்கு எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வு. திடீரென வெடித்துப் பிரகாசமான, நோவா வகை என்று அவள் நம்பிய ஒரு நட்சத்திரத்தை, துறையின் மொட்டைமாடித் தொலைநோக்கியில் வாரக்கணக்கில் அளந்திருந்தாள். நோவா மங்க மங்க வெப்பம் கூடி நீலம் பக்கம் போகும் என்று சாப்பிடும்போதெல்லாம் எனக்குப் பாடம் எடுப்பாள். ஆனால் இவளுடைய நட்சத்திரம் சிவந்துகொண்டே போனது. கடல் பக்கம் தாழ்வாகத் தெரிகிறது, ஈரக்காற்றின் மூட்டம் என்று முடிவு செய்து, சிவந்த இரவுகளின் அளவுகளைக் கழித்துவிட்டாள். வழிகாட்டிப் பேராசிரியரும் தலையாட்டிவிட்டார். கடலிலிருந்து நிலா செக்கச்செவேலென்று எழுவதைப் பார்த்தே வளர்ந்த கடலூர்ப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்?

ரயில் பாதையைக் கடக்கையில் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாமலை நகர் விடுதியில் அறைத்தோழி மட்டும்தான் இருந்தாள். "வெளியூர் எக்ஸாமினர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு ஆண்ட்டி. 'மூட்டம் உன் நட்சத்திரத்துக்கு மட்டும்தான் வருமாம்மா? பக்கத்து நட்சத்திரம் ஏன் சிவக்கல?'ன்னு. வந்தா, பையத் தூக்கிட்டுப் போயிட்டா. எங்கன்னு சொல்லல."

வாசலில் நின்றேன். உட்கார முடியவில்லை. எந்தப் பெண் திரும்பினாலும் அவள் நடையாகவே தெரிந்தது. நல்ல மார்க், நல்ல வேலை என்று நான் வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் காதில் இரைந்தது. இது நடந்து மாதங்கள் ஆகின்றன. இன்றும் போன் ஒருமுறை ஒலித்து நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவளை அழைக்கிறேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் அவளுடைய பேராசிரியர். அவள் அறையில் இருந்த ஹார்டு டிஸ்க்கை வாங்கிப் போக வந்தாராம். என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயோ, உங்க பொண்ணு டிபார்ட்மெண்ட்லதாம்மா இருக்குது. போன்ல சார்ஜ் இல்ல. கழிச்ச ராத்திரியெல்லாம் திரும்பச் சேத்துக்கினு இருக்குது. ரெண்டு நட்சத்திரம் மோதி ஒண்ணாயிருக்கலாம். எந்த வகையில வெக்கிறதுன்னு பெரியவங்களே இன்னும் சண்டை போடுறாங்க. தப்பு எம்மேலயும்தான். திருத்திக் கொண்டாங்க, மறுபடி பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. வண்டில ஏறுங்க. காலைலேர்ந்து அது ஒண்ணும் சாப்பிடல, நான் சொன்னா எங்க கேக்குது?"