ஒரு சொட்டுப் புரோட்டீன்

கெட்டுப்போகிற சரக்கை விற்பவர்களுக்குப் பதற்றம் ஓயாது. கண்ணுக்கே தெரியாத சரக்கை விற்பவர்களை யாரும் நம்பமாட்டார்கள். நான் இரண்டும் சேர்ந்த சரக்கை விற்கிறேன். தர்மபுரியைச் சுற்றியுள்ள கல்லூரி ஆய்வகங்களுக்கு சப்ளை. ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் வேலைக்குப் போய், திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, பேரம் கற்று மேலே வந்தவள் நான். உங்களில் யாராவது ஐஸ் பெட்டி சுமந்திருந்தால் என் கஷ்டம் புரியும்.

புகைந்த பெட்டி

பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு கல்லூரி. அங்கே ஆராய்ச்சி செய்யும் ஜெனிபர் என்ற பெண் ஒரு புரோட்டீன் கேட்டிருந்தது. மனித உடம்பில் இருப்பதுதான். ஆனால் மனிதரிடமிருந்து எடுப்பதில்லை, பாக்டீரியாவுக்குள் செய்து எடுக்கிறார்கள். அந்தப் பெண் மாதக்கணக்கில் வளர்த்த செல்களுக்கு அந்த வாரமே அதைக் கொடுக்க வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

கம்பெனி ஆவி பறக்கும் உலர் பனிக்கட்டி போட்டு அனுப்பிய பெட்டி கூரியர் ஆபீஸில் நனைந்து, திறந்து, வெயிலில் கிடந்தது. எவன் செய்தது என்று நான் போட்ட சத்தத்தில் கடைவீதியே திரும்பியது. கவுண்டரில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: “பெட்டியில புகை வந்துச்சுங்க்கா, தீப்புடிச்சிரும்னுதான் ரெண்டு குடம் தண்ணி ஊத்துனோம்.”

பஸ்ஸில் ஒரு கேள்வி

பெங்களூர் கம்பெனியிடம் தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி சண்டை போட்டு, இன்னொரு குழாய் புரோட்டீன் தரச் சம்மதிக்க வைத்தேன். கூரியரை நம்பாமல் நானே போய் வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் எங்கள் தர்மபுரிப் பக்கத்து இண்டூர்க்காரர் ஒருவர். உள்ளே என்னவென்று கேட்டார். மனிதப் புரோட்டீன் என்று சொன்னது என் தப்பு. காய்ச்சலில் மெலிந்துபோன தன் சம்சாரத்துக்குக் கொஞ்சம் தரச் சொன்னார். இது ஆய்வகத்துக்கு மட்டும், உடம்புக்குள் போகவே கூடாது என்றேன். ஓசூரில் ஒரு முறை, கிருஷ்ணகிரியில் ஒரு முறை திரும்பவும் கேட்டார். மூன்றாவது முறை கத்திவிட்டேன். கண்டக்டரே பயந்துபோனார். அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “மனுசனுக்கு ஆவாதுன்னா, அப்புறம் எதுக்கும்மா அதுக்கு மனுசன் பேர வெச்சீங்க?”



திறந்து காட்டு

கல்லூரி ஸ்டோர் கீப்பருக்கு ஒரு விதி: எது வந்தாலும் திறந்து, அளந்து, ரெஜிஸ்டரில் ஏற்றிய பிறகுதான் உள்ளே விடுவார். பெட்டியைத் திறந்து, சுண்டுவிரல் நுனி அளவுக் குழாயை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, காலி என்றார். அடியில் ஒரு சொட்டு இருக்கிறது என்றேன். அப்படியானால் மூடியைக் கழற்றிக் காட்டு என்று மேஜைமேல் வைத்தார். கழற்றினால் போச்சு, ஐஸுக்கு வெளியே இருந்தாலும் போச்சு.

எனக்கு வந்த கோபத்தில் ரெஜிஸ்டரைப் பிடுங்கிவிட்டேன். அவர் எழுந்தார். நானும் விடவில்லை. அவர் விதியைச் சொல்ல, நான் கூரியரில் தொடங்கி இண்டூர்க்காரர்வரை எல்லாக் கோபத்தையும் அவர் தலையில் கொட்டினேன். தொண்டை கட்டியபோதுதான் மேஜையைப் பார்த்தேன். குழாய் இல்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்ததை, கத்திக் கத்தியே தொலைத்துவிட்டேனா?

கதவோரம் கையைத் துடைத்தபடி நின்றிருந்த ஜெனிபர் மெதுவாகச் சொன்னது: “நீங்க கத்த ஆரம்பிச்சப்பவே எடுத்துட்டுப்போய் ஃப்ரீசர்ல வெச்சிட்டேங்க்கா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க.”

இத்தனை வருஷத்தில் நான் சுமந்த சரக்குகளில், ஐஸ் இல்லாமலே கெடாமல் இருப்பது என் கோபம் ஒன்றுதான். அதை மட்டும் யாரும் ஆர்டர் போடுவதில்லை.