மேயரின் இரண்டாவது பட்டன்

கோட்டின் இரண்டாவது பட்டனைத் திருகிக்கொண்டேதான் மேயரம்மா மாமன்றக் கூடத்துக்குள் நுழைகிறார். இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. சுற்று மெதுவாக இருந்தால் அதிகாரிகள் மூச்சு விடலாம். வேகம் எடுத்துவிட்டால், அறையில் யாரோ பொய் சொல்கிறார், அது அவருக்குத் தெரிந்தும்விட்டது என்று பொருள்.

வக்கீலாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எதிர்த்தரப்புச் சாட்சிகள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பட்டனைத்தான் பார்ப்பார்கள். "அந்தம்மா கேள்வியே கேக்கல. அதுக்குள்ள அந்தப் பட்டன் என் கழுத்தைத் திருகிடுச்சுய்யா" என்று கூண்டிலிருந்து இறங்கிவந்த ஒருவர் புலம்பப்போய், 'பட்டன் வக்கீல்' என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மேயர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அந்தக் கறுப்புக் கோட்டும் போகவில்லை. பதவிச் சங்கிலியை அதன் மேலேயே போட்டுக்கொள்கிறார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வாதத்தையும் எதிராளியின் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். எதிராளி சொல்ல நினைத்ததை அவரைவிட அழகாகச் சொல்லி முடிப்பார், பிறகு ஒவ்வொரு செங்கலாக உருவுவார். "சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூட, உப்புப் போடாததுக்கு என் தரப்பு நியாயத்தை எல்லாம் அவளே சொல்லிட்டு, அப்புறம்தான் திட்டுவா" என்பார் அவர் கணவர். விடிகாலையில் தெருத்தெருவாக நடந்துபோவார். சாலையில் குழியைக் கண்டால் வார்டு உறுப்பினரை அங்கேயே வரவழைத்து, குழியைக் காட்டி, "இந்தக் குழந்தைக்கு வயசு என்ன? எப்பப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப்போறீங்க?" என்று கேட்பார்.

பட்டன் அடிக்கடி அறுந்துபோகும். தைத்துக் கொடுப்பவள் அக்கா. அந்தக் கோட்டைத் தைத்தவளும் அவள்தான். பழைய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய தையல்கடை அவளுடையது. கழுத்தில் அளவு நாடா, புடவைமேல் போட்ட சட்டையின் காலரில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று. "உன் ஒரு பட்டனுக்குச் செலவான நூல்ல ஒரு ஊருக்கே துணி தைச்சிருக்கலாம்டி" என்று திட்டிக்கொண்டே தைப்பாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில், அந்தக் கடைத் தையல் மெஷினை மிதித்து மிதித்துத்தான் தங்கையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினாள். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் மிதியை இன்னும் வேகமாக அழுத்தினாளோ என்னவோ, யாருக்குத் தெரியும்!

அந்த வளாகத்தை இடித்துவிட்டுப் பெரிய அங்காடி கட்ட அந்நாளைய மாநகராட்சி புறப்பட்டபோது, கடைக்காரர்களுக்காக வாதாடியவர் பட்டன் வக்கீல்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வழக்கே அதுதான். 'ஒரே ஒரு கடையின் ஷட்டராவது ஏறியிருக்கும் வரை வளாகத்தைப் பூட்டக் கூடாது, யாரையும் பலவந்தமாக வெளியேற்றவும் கூடாது' என்று நீதிபதியிடம் உத்தரவு வாங்கினார். அன்றைக்குக் கட்டடம் கல்லுப்போல இருந்தது. தேர்தலுக்கு நின்றபோது அவர் முதல் பேச்சைப் பேசியதும் அந்தப் படிக்கட்டில் ஏறி நின்றுதான்.

இந்த மழைக்காலத்தில் அந்தப் படிக்கட்டின் தூண் வெடித்தது.

என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு பெருமழைக்குக் கட்டடம் தாங்காது என்று எழுதிக் கொடுத்தார். கடைக்காரர்கள் சரக்கை அள்ளிக்கொண்டு அன்றே காலி செய்தார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, இரவிலும் இறக்காமல், மெஷின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். உத்தரவை மாற்றக் கேட்டு மாநகராட்சி போட்ட மனு மூன்றாம் நாள் காலையில்தான் விசாரணைக்கு வரும். ஆனால் இரண்டாம் நாள் பிற்பகலே வானம் கரிச்சட்டியாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

"மேடம், நாலு போலீஸ்காரங்களை அனுப்பினா அஞ்சு நிமிஷ வேலை. தூக்கிட்டு வந்துடலாம்" என்றார் என்ஜினியர்.

"நான் வாங்கின உத்தரவை நானே மிதிக்கவா? அப்புறம் இந்த ஊர்ல எவன் எந்த உத்தரவை மதிப்பான்?" பட்டன் பம்பரமாகச் சுற்றியது.

எதிர்க்கட்சித் தலைவர் வராந்தாவில் சிரித்துக்கொண்டே நின்றார். "தூக்கினா கோர்ட் அவமதிப்பு, தூக்கலைன்னா கொலைப்பழி. அக்கா தங்கச்சி பாசத்தை ஊரே பார்க்கட்டும்மா."

அவருக்குப் பதில் சொல்ல மேயருக்கு நேரம் இல்லை. கார் வளாகத்து வாசலில் நின்றபோது முதல் தூறல் விழுந்தது. சங்கிலியைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். "யாரும் பின்னாடி வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

இருண்ட நடைபாதையின் கடைசியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எங்கோ மேலே காரை உதிரும் சத்தமும் கேட்டது.

"மேயரா வந்தியா, தங்கச்சியா வந்தியா?" அக்கா தலை நிமிரவில்லை.

"வக்கீலா வந்தேன்."

"அப்பப் பேசு. கேக்கறேன்."

மேயர் வழக்கம்போலவே தொடங்கினார். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியது, என்ன செய்ய! "உன் தரப்புல நியாயம் இருக்குக்கா. இந்த மெஷின்தான் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போட்டுச்சு. இந்த உத்தரவை நான்தான் வாங்கினேன். இந்தக் கடையைத் தொட விடமாட்டேன்னு இதே படியில நின்னு சொன்னவளும் நான்தான். வெளிய போனா வேற எங்கேயும் உனக்குக் கடை கிடைக்காது. வயசாச்சு, புதுசா ஒரு வாடிக்கை பிடிக்க முடியாது. இந்தக் கடை போச்சுன்னா தையல்காரிங்கற பேரு போயிடும். மேயரோட அக்காங்கற பேருதான் மிஞ்சும்..."

மெஷின் நின்றது. அக்காவின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என் மனசுல இருந்ததை இவ்வளவு நல்லா எனக்கே சொல்லத் தெரியலடி. நீயே சொல்லிட்டே! இனிமே நான் ஏன்டி போகணும்?"

மேயர் வாயைத் திறந்தார். அடுத்து உருவவேண்டிய செங்கல் கைக்கு அகப்படவில்லை. விரல்கள் பட்டனைப் பிடித்துத் திருகின, திருகின. படீரென்று அது அறுந்து தரையில் உருண்டது. அதே கணத்தில் தலைக்கு மேலே கட்டடம் நீளமாக முனகியது. விட்டத்திலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு மெஷினின் மேல் கொட்டியது.

"வெளிய ஓடுடி!" என்று அலறினாள் அக்கா.

மேயர் ஓடவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார்.

"என்னடி பண்றே? பைத்தியமா உனக்கு? வீட்டுல உன் புள்ள இருக்குடி!"

"நீ வளர்த்த புள்ள. அவகிட்ட நீயே வந்து பதில் சொல்லு."

"மிரட்டுறியா?"

"இல்லக்கா. வாதம் தீர்ந்துபோச்சு. எங்கிட்ட இனி ஒண்ணுமே இல்ல. கட்சிக்காரரை நடுவுல விட்டுட்டுப் போற வக்கீல் நான் இல்ல, அவ்வளவுதான்." நீதிமன்றத்தில் யாருமே கேட்டிராத குரல் அது.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. இன்னொரு முனகல். அக்கா தங்கையைப் பார்த்தாள், தூணின் வெடிப்பைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். மெஷினை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். சட்டென்று குனிந்து தரையில் எதையோ துழாவி எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். ஒரு கையால் தங்கையின் காதைப் பிடித்தாள். ஆமாம், மேயரின் காதைத்தான்! இழுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுகையால் ஷட்டரை இறக்கினாள். அந்தச் சத்தம் காலி வளாகம் முழுக்க இடிபோல் ஓடியது.

வாசலுக்கு வந்ததும் என்ஜினியர் பெரிய பூட்டை நீட்டினார். மேயர் அதை வாங்கினார். எந்தக் கதவைப் பூட்டவிடாமல் வாதாடிப் பெயர் வாங்கினாரோ, அதே கதவின் வளையத்தில் மாட்டி அழுத்தினார். அது பூட்டிக்கொண்டது. வாசலில் கூடியிருந்த கடைக்காரர்கள் குடைகளைத் தாழ்த்தினார்கள். பின்னாலேயே வந்திருந்த எதிர்க்கட்சித் தலைவர்கூடத் தன் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

மேயரின் விரல்கள் தாமாகவே மார்புக்குப் போயின. அங்கே ஒரு நூல் மட்டும் தொங்கியது.

அக்கா மூடியிருந்த கையை விரித்தாள். இத்தனை காலத்துக் கடையிலிருந்து அவள் எடுத்துவந்தது ஒரு கறுப்புப் பட்டன்தான். காலரிலிருந்து ஊசியை உருவினாள்.

"அசையாம நில்லுடி" என்றாள்.

கொட்டும் மழையில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அளவெடுக்க நிற்கும் சிறுமியைப்போல மேயர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, மோவாயை உயர்த்திக்கொண்டு நின்றார்.