எண்ணெய் போட்ட பூட்டு

2004 மார்கழி, நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மட்டக்களப்பு நாவற்குடாவில் கடல் பக்கமாக இருந்த எங்கள் வீட்டில் அம்மா, நான், சின்னத் தம்பி மூவரும்தான். அப்பா சவுதியில் வெல்டிங் வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவர் அங்கேதான். எப்போதாவது லீவில் வருவார். கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்க முன்பே வீட்டில் எது ஆடுகிறது, எது துருப்பிடித்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அப்படி ஒரு லீவில்தான் ஜன்னல்களுக்கெல்லாம் தன் கையாலேயே இரும்புக் கிறில் அடித்துப் போட்டார். பின்னறை ஜன்னலுக்கு மட்டும் கதவு மாதிரித் திறக்கிற கிறில். சண்டைக் காலம் அது. முன்வாசலில் ஏதும் பிரச்சினை என்றால் பிள்ளைகளைப் பின்பக்கத்தால் இறக்க ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார். அதற்கு ஒரு பெரிய பூட்டு. திறப்பு, அதுதான் சாவி, பக்கத்திலேயே ஆணியில் தொங்கும்.

அந்தப் பூட்டால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடல் காற்றுக்கு இரும்பு எங்கே தாங்கும்? வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. போன் எடுத்தால் சுகம் விசாரிக்க முன்பே, “பூட்டுக்கு எண்ணெய் உட்டீங்களா?” என்பார். பள்ளிக்கூடச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்ததைச் சொல்ல நான் காத்துக்கொண்டு நிற்பேன். எரிச்சல்தான் வரும். அம்மா மட்டும் தையல் மெசின் எண்ணெயை எடுத்துக்கொண்டு போவா.

அன்று காலை, வெளியே என்ன கூச்சல் என்று எட்டிப் பார்க்க முன்பே தண்ணீர் முன்கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர். பின்னறைக்குள் ஓடினோம். எங்களுக்குப் பின்னாலேயே மிதந்து வந்த அலுமாரி அறை வாசலில் குறுக்கே இறுகிக்கொண்டது. கட்டிலில் ஏறி நின்றால் கட்டிலும் மிதக்கிறது. அம்மா தம்பியை என்னிடம் தந்துவிட்டு, ஆணியில் இருந்த திறப்பை எடுத்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பூட்டைத் தடவினா. திறப்பு கைநழுவிப் போனால்? பூட்டு இறுகியிருந்தால்? நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி என் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்திருந்தான்.

ஒரு திருப்புத்தான். திறந்துவிட்டது.

திறந்த கிறிலின் கம்பிகளில் கால் வைத்து, ஜன்னலை ஒட்டியிருந்த குளியலறைக்கு மேலே போட்டிருந்த கொங்கிறீட் தட்டில் ஏறினோம். தண்ணீர் வடியும்வரை அங்கேயே நடுங்கிக்கொண்டு இருந்தோம். பிறகு ஆரோ எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் மட்டக்களப்பு நகரத்தில் மாமா வீட்டில் விட்டார்கள்.

அப்பாவுக்குச் சொல்ல வழியில்லை. லைன் கிடைக்கவே இல்லை. அங்கே அவர் டிவியில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பாடு படுகிறாரோ என்று அம்மா சாப்பிடாமல் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தா. சில நாள் கழித்து மணி அடித்தது. அம்மா எடுத்தா. நானும் காதை ஒட்டி வைத்தேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“பூட்டு...” என்றார்.

“பூட்டு திறந்திச்சு,” என்றா அம்மா. “புள்ளைகள் என்னோடதான் இரிக்காங்க.”

அந்தப் பக்கம் அப்பா அழுதது எனக்குக் கேட்டது. அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

போர் முடிகிற காலத்தில் தம்பி வயதுக்கு மீறி வளர்ந்துவிட்டான். அவனை எந்த நேரம் ஆர் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று அம்மாவுக்கு நித்திரையில்லை, சவுதியில் அப்பாவுக்கும் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகுதான் அவர் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். திருத்திக் கட்டின எங்கள் பழைய வீட்டோடு சின்னதாக ஒரு வெல்டிங் கடை போட்டார். ஆர் வந்து கிறில் அடிக்கச் சொன்னாலும், கேட்கிறார்களோ இல்லையோ, ஒன்றைத் திறக்கிற மாதிரித்தான் அடிப்பார். கள்ளனுக்கு வழி வைக்கிற மனுசன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் அடிக்கிறதை விடமாட்டார். பேரப்பிள்ளைகளையும் கண்டு, நல்ல வயது இருந்து, போன வருசம் கண்ணை மூடினார்.

இப்போது வெளிநாட்டில் இருப்பது நான். வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்குப் போன் எடுக்கிறேன். என் வாயில் முதலில் வருவதும் அந்தப் பூட்டுத்தான். அம்மா சிரித்துக்கொண்டு, “ஓம் புள்ள, உட்டாச்சு,” என்பா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் பேச வருகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் விளங்குகிறது.