மகளின் கேள்விக்கு என் தேடல் பெட்டி சொன்ன பதில்

குழந்தைகளுக்கான தேடல் பெட்டி ஒன்றை வடிவமைக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. அலுவலகம் காளிகாட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தமே ஆறு பேர். பள்ளிப் பிள்ளைகளுக்காக வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய கட்டுரைகள் எங்களிடம் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. ஒட்டகம், எரிமலை, மின்னல், ரயில் எஞ்சின் என்று எல்லாம் உண்டு. பிள்ளைகள் தாங்களாகவே தேடி அவற்றைக் கண்டெடுக்க வேண்டும். பெட்டியில் எதைத் தட்டினால் எது வர வேண்டும், எப்படி வர வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

அதற்கு முன் பெரியவர்களுக்கான இணையதளங்களைத்தான் வடிவமைத்திருந்தேன். அந்த அனுபவம் இங்கே உதவவே இல்லை. டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தேன். இரண்டு எழுத்து தட்டியதுமே பெட்டிக்குக் கீழே சொற்களை எடுத்துக்கொடுக்கிற வசதியைப் பெருமையோடு செய்து வைத்திருந்தேன். ஒரு பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்துகிறவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க ஏது நேரம்? தவிர, அவர்கள் சொல்லைத் தேடவில்லை, ஆளிடம் கேட்பது போலக் கேட்டார்கள். யானைக்குக் குளிருமா, நிலா ஏன் என் கூடவே வருகிறது. அதையும் வங்காளத்தில் யோசித்து, ஆங்கில எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால், பெரியவர்களைப் போல அவர்கள் பெட்டியைத் திட்டவில்லை. தாங்கள்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் ஒலியை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கிற முறைக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அது நன்றாகவே வேலை செய்தது.

அதற்கடுத்த வேலைதான் தடைப் பட்டியல், அதாவது பிள்ளைகள் தேடினாலும் பதில் காட்டக் கூடாத சொற்களின் பட்டியல். எங்கள் அலுவலகத் தலைவரை நாங்கள் எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம், வங்காளத்தில் அது அண்ணன். அவருக்கு ஒரே கவலை. "ஒரே ஒரு அப்பா ஸ்கூல்ல போய்ச் சத்தம் போட்டா போதும், நம்ம கதை முடிஞ்சுது" என்றார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பட்டியலை எழுதினேன். முதலில் வசவுகள், பிறகு போதைப் பொருட்கள், ஆயுதங்கள். எழுத எழுதக் கை தாராளமாகிவிட்டது. குழந்தைக்கு எதற்கு என்று தோன்றியதையெல்லாம் சேர்த்தேன். சாவு சேர்ந்தது. பெரிய வியாதிகள் சேர்ந்தன. அந்தச் சொற்களைத் தேடினால் வர வேண்டிய பக்கத்தையும் நானே எழுதினேன். உதட்டில் விரல் வைத்த ஓர் ஆந்தை. கீழே, 'இது உனக்கானது இல்லை. நல்லதாக ஏதாவது தேடலாமே!' எல்லோருக்கும் ஆந்தையைப் பிடித்திருந்தது.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. எனக்கு அவர் தீதி, அதாவது அக்கா. மகளுக்கு மாஷி, பெரியம்மா மாதிரி. என் மகள் ஓடியாடி வளர்ந்ததில் பாதி அவர் வீட்டுக் கூடத்தில்தான். அவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் இவள் கீழே இறங்கிவிடுவாள். இரண்டு பேரும் கேரம் ஆடுவார்கள், தோற்றால் சண்டை போடுவார்கள்.

அந்தக் கோடையில் தீதிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மகளிடம், மாஷிக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும். அதனால் அவளுக்குத் தெரிய வேண்டாதவற்றை நானும் கணவரும் தமிழில் வேகமாகப் பேசிக்கொள்வோம். ஆனால் கேன்சர் என்ற சொல் மட்டும் எந்த மொழியிலும் கேன்சர்தான். அது எங்களுக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் மகள் கீழே போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் வீட்டுப்பாடம் என்றாள், வயிற்றுவலி என்றாள். படியில் இறங்கும்போது மாஷியின் கதவு திறந்திருந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு ஓடினாள். ஒருநாள் தீதியே என்னை நிறுத்திக் கேட்டார்.

"உன் பொண்ணுக்கு என் மேல கோபமா? நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"இல்ல தீதி, பரீட்சை நேரம்" என்று சமாளித்தேன். தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நோயாளியைப் பார்த்து என் குழந்தை அருவருப்படைகிறாளோ என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் தேடல் பெட்டியை வீடுகளிலும் சோதித்துக்கொண்டிருந்தோம். அலுவலகத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் ஆளுக்கொரு டேப், அதாவது தொடுதிரைக் கைக்கணினி, கொண்டுபோயிருந்தோம். திங்கட்கிழமைகளில், எல்லா டேப்களிலும் என்ன தேடினார்கள் என்ற பதிவை நான் படிப்பேன். பெயர் இருக்காது, டேப் எண் மட்டும்தான். நான்காம் எண்ணில் ஒரு கேள்வி. 'கென்சார் மானே கீ.' கேன்சர் என்றால் என்ன. அடுத்த வரியில் அதே கேள்வி வேறு எழுத்துகளில். மறுபடி ஒருமுறை. நான்காவது தடவை, கேன்சர் வந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று. தான் எழுதியது தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது அந்தக் குழந்தை. ஒலியைப் பிடிக்கும் என் முறை நான்கு தடவையும் சொல்லைச் சரியாகப் பிடித்து, நான்கு தடவையும் ஆந்தையிடம் ஒப்படைத்திருந்தது.

நான்காம் எண் எங்கள் வீட்டு டேப்.

சாயங்காலம் மகள் பால்கனியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அவள் தேடியதைப் படித்துவிட்டேன் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

"தப்பாம்மா?"

"தப்பில்ல. எதுக்குத் தேடினே?"

"நீயும் அப்பாவும் பேசினீங்க, மாஷிக்கு கேன்சர்னு. அது பாஜே கொத்தான்னு எனக்குத் தெரியாது." பாஜே கொத்தா என்றால் கெட்ட பேச்சு.

"யார் சொன்னா அப்படி?"

"ஆந்தைதான். நல்லதா ஏதாவது தேடுன்னு சொல்லிச்சு. அப்ப இது நல்லது இல்லதானே? மாஷிகிட்ட ஏதோ கெட்டது இருக்கு." குரல் இறங்கியது. "அவங்க வீட்டுக்குப் போனா வாய் தவறி அதைச் சொல்லிடுவேன்னு பயமா இருந்துதும்மா."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு, "அந்த ஆந்தை சொன்னதையெல்லாம் நான்தான் எழுதினேன். யோசிக்காம எழுதிட்டேன்" என்றேன். அவள் என்னை நம்பாததுபோலப் பார்த்தாள்.

கேன்சர் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். உடம்பில் சில உயிரணுக்கள் நிறுத்தாமல் பெருகுவதால் வருகிற வியாதி. யாரும் தப்பு செய்து வருவதில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

"செத்துப்போயிடுவாங்களா?"

"சில பேர் செத்துப்போறாங்க. நிறைய பேருக்குச் சரியாயிடுது. மாஷிக்குச் சரியாகும்னு டாக்டர் நினைக்கறார். நிச்சயமா எனக்குத் தெரியாது கண்ணா."

நான் மட்டும் முதலில் கீழே போய், தீதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். "என் மொட்டைத் தலையைப் பார்த்துப் பயந்துட்டான்னு நினைச்சு, ஒரு வாரமா துணியைக் கட்டிக்கிட்டு வேர்த்துக் கொட்டறேன்" என்று சொல்லிவிட்டுத் துணியை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார். "வரச் சொல்லு அவளை."

மகள் வந்து வாசற்படியிலேயே நின்றாள். பிறகு, "வலிக்குதா மாஷி?" என்று கேட்டாள்.

"மருந்து ஏத்தின மறுநாள் வலிக்கும். இன்னைக்கு இல்ல. வா, உட்காரு."

மறுநாள் அலுவலகத்தில் தாதாவிடம் பட்டியலைப் பிரிக்க வேண்டும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "உன் குழந்தைக்கு நீ சொல்லலாம். ஊரான் வீட்டுக் குழந்தைக்கு அதை நாம சொல்லலாமா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். "கேட்டு வந்த குழந்தையை விரட்டறதும் ஒரு பதில்தானே தாதா, அந்தப் பதிலை என் பொண்ணு நம்பிட்டாளே" என்றேன். ஒரு வாரம் பேசினோம். வசவுகளும் மற்றவையும் தடையிலேயே இருக்கட்டும், ஆனால் திட்டுகிற பக்கம் வேண்டாம் என்று முடிவானது. 'நீ தப்பு எதுவும் செய்யவில்லை. இதற்கு எங்களிடம் பதில் இல்லை' என்று மாற்றினோம். வியாதிகளுக்கும் சாவுக்கும் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதிக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது என்று ஏற்பாடு.

கேன்சர் கட்டுரையை நான்தான் எழுதினேன். தீதியிடம் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போராடறாங்கன்னு எழுதியிருக்கியே, அதை எடுத்துடு. நான் யாரோடயும் போராடல. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வரேன், தூங்கறேன்."

எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தாய் கோபமாக ஒரு கடிதம் அனுப்பினார், பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேச நீங்கள் யார் என்று. தாதாவே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். அந்த அம்மாள் சமாதானமானாரா என்று எனக்குத் தெரியாது. பட்டியலில் இன்றைக்கும் எங்களுக்குள் விவாதம் தீராத சொற்கள் சில உண்டு.

பூஜை விடுமுறை முடிந்து தீதி வேலைக்குத் திரும்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். போன தடவை மகளும் கூடப் போகிறேன் என்று அடம்பிடித்தாள். பள்ளி இருந்ததால் நான் விடவில்லை. சாயங்காலம் தீதி மெதுவாகப் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த என்னைத் தாண்டி உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்று முதலில் அவளிடம்தான் சொன்னார்.